சிவாஜி ‘ஓவர் ஆக்டிங்’தானா? தீர்ப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: “சிவாஜி கணேசன் என்றாலே மிகை நடிப்பு என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தேன். போன வாரம் ‘முதல் மரியாதை’ பார்த்தேன். அதே ஆளா இது என்று ஆகிவிட்டது. வயதான பிறகுதான் அடக்கி நடிக்கக் கற்றுக்கொண்டாரா, நான்தான் தப்பாக எடை போட்டுவிட்டேனா? எப்படித் தெரிந்துகொள்வது?”

வயதான பிறகு கற்றுக்கொண்டார் என்பது நிச்சயமாக இல்லை. நீங்கள் தப்பாக எடை போட்டீர்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 1954ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் ‘மனோகரா’ வந்தது. சங்கிலியில் கட்டி அரசவைக்கு இழுத்து வரப்படும் இளவரசன், கலைஞரின் வசனம், கண்ணாம்பா எதிரே. குரல் கூரையைத் தொடும். அடுத்த மாதமே ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’. எஸ்.பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது, நடனமும் கிடையாது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் காலை ஒரு ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்த எஞ்சினியர் ராஜன்தான் சிவாஜி. குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. தோளைக் குலுக்குவதும், பேச்சை பாதியில் விட்டுவிட்டுச் சிரிப்பதும், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வதுமாக ஒரு நவீன மனிதன். அப்போது அவருக்கு வயது 25. ஆக, அடக்கி நடிப்பது 1985இல் ‘முதல் மரியாதை’யில் பாரதிராஜா கொடுத்த வரம் அல்ல; முப்பது வருஷம் முன்பே கையில் இருந்த சரக்கு. அதைக் கேட்டு வாங்கிய இயக்குநர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அப்படியானால் இத்தனை பேருக்கு ஒரே அபிப்பிராயம் எப்படி வந்தது? மூன்று வழியாக வந்தது.

ஒன்று, மிமிக்ரி. ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியையும் கட்டபொம்மன் வசனத்தையும் நாம் சிவாஜி சொல்லிக் கேட்டதைவிட மேடைக் கலைஞர்கள் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். போலி செய்பவர் முதல் வரியிலேயே உச்சத்தில் நிற்பார். கைதட்டல் வாங்க அவருக்கு இருப்பது முப்பது விநாடி. மூலத்தைப் போட்டுப் பாருங்கள். நீதிமன்றக் காட்சியை ஏறக்குறைய பேச்சுக் குரலில்தான் தொடங்குகிறார். எதுகை மோனையில் அடுக்கிய நீள வாக்கியங்களில் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்தால், இலக்கணப்படி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லைத் தொட்ட பிறகு நிற்பது தெரியும். அதனால்தான் கேட்பவரின் கவனம் அறுந்துபோவதில்லை.

இரண்டாவது, துண்டுக் காட்சி. செல்போனில் வரும் நான்கு நிமிடத் துண்டு எப்போதும் உச்சக் காட்சியாகத்தான் இருக்கும். ‘பராசக்தி’யின் குணசேகரன் அந்தக் கூண்டில் ஏறுவதற்கு முன், படத்தின் பெரும்பகுதியில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்காகப் பைத்தியம்போல நடித்துத் திரிகிறவன். லேசான, குறும்பான நடிப்பு. அந்தச் சிரிப்பையெல்லாம் வெட்டிவிட்டுக் கூண்டை மட்டும் காட்டினால் யாருமே கத்துகிறவராகத்தான் தெரிவார்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: உங்கள் டிவி. 1950, 60களின் படச்சட்டம் ஏறக்குறைய 4:3 (அகலம் 4 என்றால் உயரம் 3). இன்றைய டிவி 16:9. படத்தை இழுத்துத் திரையை நிரப்பினால் முகம் 33 சதவீதம் அகலமாகிவிடும். கன்னம் துடிப்பதும் புருவம் ஏறுவதும் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். போவது நெற்றியும் கையும். சிவாஜியின் நடிப்பில் பாதி கையில் இருக்கிறது: துண்டைத் திருகுவது, விரலை மடக்கி விரிப்பது. முகம் ஏன் அப்படி ஆகிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான். கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தால், காரணமே இல்லாமல் உணர்ச்சிவசப்படுகிறவர்போல இருக்கும். போதாக்குறைக்கு, விநாடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படத்தை நம் ஊர் டிவிக்காக 25 சட்டத்தில் ஓடவிட்டுத்தான் பழைய விசிடி, டிவிடி பிரதிகள் பலவும் தயாராயின. வேகம் 4 சதவீதம் கூடும், குரலின் சுருதியும் கொஞ்சம் மேலே ஏறும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். அவர் விட்ட இடைவெளிகள் சுருங்கிப்போகும். குரலின் அடிக்கனம் மெலியும்.

எனவே முதல் வேலை, ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுவது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, குரலைத் தூக்கிக் காட்டும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். போனில் பார்ப்பதானால் இரண்டு விரலால் விரித்துத் திரையை நிரப்பாதீர்கள். 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்ட ‘கர்ணன்’ தியேட்டரில் நன்றாக ஓடியது, புதிய தலைமுறையைக் கொண்டு வந்தது, சந்தோஷம். ஆனாலும் அகலத் திரைக்கு மாற்றிய பிரதியை வைத்து நடிப்பை அளக்காதீர்கள். பழைய சட்டத்தில் கிடைத்தால் அதையே பாருங்கள்.

இப்போது அந்த உரத்த நடிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட குழு. சிறு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடம் உட்படப் பலதும் கட்டி வளர்ந்தவர். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அந்த மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். புருவத்தின் அசைவு ஐம்பது அடி தாண்டிப் போகாது. கழுத்தும் தோளும் கையும் சேர்ந்தால்தான் போகும். குரலைத் தொண்டையில் பிடிக்காமல் வயிற்றிலிருந்து எழுப்பினால்தான் தினமும் நாடகம் போட முடியும். இது குறை அல்ல, தொழில் பயிற்சி.

படத்துக்கு வந்தபோது எல்லோரும் கைநீட்டி வரவேற்கவும் இல்லை. ‘பராசக்தி’ எடுக்கும்போதே இந்த மெலிந்த பையனை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது, தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் பிடிவாதமாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. சந்தேகப்பட்டவர்கள் கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அந்தக் காலத்து ஸ்டுடியோவும் சத்தத்தைத்தான் கேட்டது. வசனத்தை அங்கேயே, தளத்திலேயே பதிவு செய்தார்கள். மைக்கைச் சட்டத்துக்கு வெளியே தூக்கிப் பிடிக்க வேண்டும்; முணுமுணுத்தால் கேமராவின் இரைச்சலில் குரல் அமுங்கிப்போகும். பிலிம் மந்தமானது, ஏகப்பட்ட விளக்கு வேண்டும், அந்த வெளிச்சத்தில் நுணுக்கமான முகபாவம் வெளுத்துப்போகும். ஆயிரம் அடிச் சுருள் ஓடுவது சுமார் 11 நிமிடம். இரண்டு பக்க வசனத்தின் நடுவில் தடுமாறினால் அத்தனை பிலிமும் வீண். வசனத்தை ஒரே மூச்சில், தவறில்லாமல், தெளிவாகச் சொல்கிறவருக்குத்தான் மதிப்பு. ‘நல்ல நடிப்பு’ என்ற சொல்லுக்கே அன்று அர்த்தம் வேறு. வசனம் புரியாத ஊரில்கூட அது எடுபட்டது: 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ சிவாஜிக்குத்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில், மற்றவர் பேசும்போது அவரைப் பாருங்கள். தான் பேசும்போது நன்றாக இருப்பவர் பல பேர். எதிராளி பேசும்போது பாதி நடிகர்கள் தன் வரிக்காகக் காத்திருப்பார்கள். கண்ணில் ஒரு வெறுமை தெரியும். ‘பாசமலர்’ படத்தில் சாவித்திரி பேசும் இடங்களில் சிவாஜியை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். சொல் காதில் விழுவது, புரிவது, பதில் தோன்றுவது மூன்றும் தனித்தனியாக நடக்கும். அவசரப்பட்டு முதல் சொல்லிலேயே அழத் தயாராகிவிடுவதில்லை.

அடுத்தது, பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள். பிறகு அதே பத்து நிமிடத்தைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தையே திரும்பச் சொன்னால் அதுதான் மிகை. குரல் கோபத்தில் இருக்கும்போது உடம்பு தயங்கி நின்றால், அது மிகை இல்லை, இரண்டு அடுக்கு. இந்தச் சோதனை எந்த நடிகருக்கும் பொருந்தும். இயல்பான நடிப்பு என்று நாம் கொண்டாடும் சிலரைச் சத்தமில்லாமல் பார்த்தால் மூன்று படத்துக்கும் ஒரே முகம்தான் இருக்கும். அது வேறு கதை.

இன்னொன்று, அதே சட்டத்தில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிடுவது. எஸ்.வி.ரங்காராவ், எம்.ஆர்.ராதா, டி.எஸ்.பாலையா எல்லோரும் அதே உயரத்தில் நடித்தால் அது அந்தப் படத்தின் சுருதி. எல்லோரும் கீழே இருக்க அவர் மட்டும் மேலே போனால் அது அவர் பொறுப்பு. 2020ஆம் வருஷத்துப் படத்தோடு ஒப்பிடுவது கர்நாடகக் கச்சேரியைக் கேட்டுவிட்டு மெல்லிசைபோல இல்லையே என்று குறைப்படுவது மாதிரி.

ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. சிக்கல் சண்முகசுந்தரம் கையில் பட்ட கத்திக் காயத்தோடு நாதஸ்வரம் வாசிக்கிறான். மோகனா ஆடிக்கொண்டே, பாட்டு வழியாக ‘நலந்தானா’ என்று விசாரிக்கிறாள். ஒலித்தடத்தில் வாசிப்பது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். நடிகருக்கு இருக்கும் கட்டுப்பாடுகளை எண்ணிப் பாருங்கள். வாயில் சீவாளி (நாதஸ்வரத்தின் ஊதுமுனை), எனவே பேச முடியாது, சிரிக்க முடியாது, உதட்டைக் கடிக்கவும் முடியாது. நாதஸ்வரத்தில் பன்னிரண்டு துளை. வாசிப்பது ஏழில், மற்றவை சுருதிக்கானவை. இரண்டு கையும் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். கன்னம் காற்றுக்காக உப்பியிருக்க வேண்டும். முகத்தில் மிச்சம் இருப்பது கண்ணும் புருவமும் மட்டும். அந்த மிச்சத்தை வைத்து வலி, காதல், வித்வானின் வீறாப்பு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியக் கூடாதே என்ற கூச்சம் நான்கையும் காட்ட வேண்டும்.

வாத்தியம் வாசிப்பதாக நடிக்கும் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது மூச்சில். விரல் ஒத்துப்போகும், ஆனால் ஒரே மூச்சில் வாசிக்கும் இசைத்துண்டு முடிகிற இடத்தில் கன்னம் தளராது, தோள் இறங்காது, காற்றே தேவைப்படாத வித்வானாக உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு விரல், கன்னம், தோள் மூன்றையும் ஒலியோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு பாலையாவைப் பாருங்கள். தவில்காரர் எங்கே தலையை ஆட்டுகிறார், எங்கே நாதஸ்வரக்காரரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்று. ஓவர் ஆக்டிங் என்ற சொல் இந்தக் காட்சிக்குள் எங்கே நுழைகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஒரே வருஷ இடைவெளியில் ‘தெய்வ மகன்’. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படம். அப்பா, இரண்டு மகன்கள், மூன்றும் அவரே. ஒரே சட்டத்தில் இரண்டு வேடம் வரும் ஷாட்டை அன்று எடுத்த விதம் இப்படி: கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்சின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, ஒப்பனை மாற்றி வந்த பிறகு அடுத்த வேடம். ஒப்பனை மாற்ற ஆகும் நேரம் முழுக்க விளக்கும் நகரக் கூடாது. நடிகருக்கு எதிரே ஆள் இல்லை. வெறும் இடத்தைப் பார்த்து, முன்பு தான் பேசிய வசனத்தின் நீளத்தை மனதில் எண்ணி, சரியான இடத்தில் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு விநாடி பிசகினாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காததுபோல ஆகிவிடும். வேடத்துக்கு அடையாளமான முகத் தழும்பு தெரியாமல் நிழலுருவை மட்டும் காட்டினாலும் நிற்கும் விதத்தில் அப்பா யார், மூத்தவன் யார், இளையவன் யார் என்று தெரியும்.

இனி அந்த மீதிப் பாதி. உங்கள் பழைய கருத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1970களின் நடுவிலிருந்து வந்த படங்களில் கணிசமானவை அவருடைய திறமைக்குச் சாட்சி அல்ல. அந்தக் காலத்தில் ஜூம் லென்ஸ் மோகம் வந்துவிட்டது. நாடக நடிகர் உணர்ச்சியைத் தானே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார். அதற்கு இடுப்பளவுச் சட்டமும் அசையாத கேமராவும் போதும். அவர் ஏறும்போதே கேமராவும் முகத்தை நோக்கிப் பாய்ந்து, பின்னணி இசையும் இடித்தால் ஒரே உணர்ச்சியை மூன்று பேர் ஒரே நேரத்தில் கூவுகிறார்கள். ‘திரிசூலம்’ படத்தில், பல வருஷம் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் தொலைபேசியில் பேசும் காட்சி இதற்கு உதாரணம். எதிரே ஆளே இல்லை, ரிசீவர்தான் இருக்கிறது. அடக்கி வாசித்திருந்தால் உருக்கியிருக்கும். மாறாக, கிண்டலுக்கு ஆளாகும் காட்சியாக நின்றுவிட்டது. ஐம்பதில் கல்லூரிப் பையன் விக், இளம் கதாநாயகியோடு டூயட், நிறுத்தச் சொல்லத் தயங்கும் இயக்குநர், வெட்டத் தயங்கும் எடிட்டர் எல்லாம் சேர்ந்தன. நீங்கள் சின்ன வயதில் டிவியில் பார்த்தது இந்தச் சரக்காக இருந்தால் உங்கள் தீர்ப்பு அந்தப் படங்களுக்குச் சரியே. அதை 1954க்கும் 1968க்கும் நீட்டியதுதான் தப்பு.

இயக்குநரைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஏ.பி.நாகராஜன் படத்தில் அவர் ஒரு மாதிரி, பீம்சிங் படத்தில் வேறு மாதிரி. ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யில் இரண்டு குடும்பத்தை மறைத்து வாழும் மரியாதைக்குரிய மனிதர்; குற்ற உணர்வு குரலில் ஏறாமல் நடையிலேயே தங்கிவிடும். அந்தப் படத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் புதிர். போலி செய்ய அதில் ஒன்றும் கிடைக்காது என்பதாலோ என்னவோ.

‘முதல் மரியாதை’க்குத் திரும்புவோம். வெளியானபோது அவருக்கு 56. இளவட்டக் கல்லை (கிராமத்தில் இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் கல்) தூக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒரு கிழவர் செய்யும் காரியம், வசனமே இல்லை. கல்லின் கனம் முதுகில் தெரிகிறது. மேடையில் கற்ற அதே உடம்பு, அதே தோள்தான் இங்கும் வேலை செய்கிறது. இயக்குநர் நீக்கியது வசனத்தைத்தான், நடிப்பை அல்ல. ‘தேவர் மகன்’ மழை இரவில் மகனோடு பேசும் இடத்தில் குரல் தாழ ஆரம்பித்து, கெஞ்சலுக்கும் அதட்டலுக்கும் நடுவில் எங்கோ உடைகிறது. நீதிமன்றக் கூண்டில் மூச்சை எங்கே நிறுத்தினாரோ அதே இடத்தில், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லைத் தொட்ட பிறகு நிறுத்துகிறார் என்பதைக் காதால் மட்டும் கேட்டால் பிடிக்கலாம்.

பார்க்கும் வரிசை என்று கேட்டால்: ‘அந்த நாள்’, பிறகு ‘மனோகரா’, இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில். ஒரு வாரம் விட்டு ‘தில்லானா’. அடுத்து ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’. ‘வியட்நாம் வீடு’ உங்களுக்கு ஐம்பதை நெருங்குகிறது என்றால் மட்டும். ஓய்வு பெற்றவரின் வீம்பு இருபது வயதில் பார்ப்பவருக்கு நாடகமாகத்தான் தெரியும். எல்லாப் படத்தையும் முழுசாக, ஒரே அமர்வில். பாட்டை ஓட்டித் தள்ளாதீர்கள், டி.எம்.எஸ். குரலுக்கு அவர் கழுத்து நரம்பு எப்படி ஈடு கொடுக்கிறது என்பதும் கணக்கில் சேர்த்தி.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். திறமை இல்லை என்று சொல்லாதீர்கள், அது வேறு வாக்கியம். ‘திரிசூலம்’ கடைசியில் இருக்கட்டும். அதைப் பார்க்கும்போது உங்கள் பழைய கருத்து மறுபடி தலைதூக்கினால் அடக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு அது பொருத்தம்தான்.